இறுக்கிப் பிடிக்காத கை: டர்பன்ல நான் குரோஷா கத்துக்கிட்ட நாலு மாசம்

ஒரு கம்பளிக்காக ஒன்பது குரோஷா சதுரம் முடிச்சு குடுத்துட்டேன். ஒவ்வொண்ணும் 20க்கு 20 சென்டிமீட்டர், அதுல ஏழு சரியான அளவு, ரெண்டு கொஞ்சம் சின்னது, அதுங்களுக்கு ஓரத்துல கூடுதலா ஒரு சுத்து போட்டு சரிக்கட்டினோம். குரோஷான்னா ஒரே கொக்கிய வச்சு நூல கண்ணி கண்ணியா கோத்து துணியாக்கற வேலை. 2023 மார்ச்ல முதல்முதலா அந்தக் கொக்கிய கையில எடுத்தேன், ஜூலை ரெண்டாவது வாரத்துல குடுத்தேன். நடுவுல எங்கெங்க மாட்டிக்கிட்டேன், எப்படி வெளிய வந்தேன்னு எழுதிடணும்னு இருக்கு, ஏன்னா தமிழ்ல தேடினப்ப தோரணம், டேபிள் விரிப்புன்னு டிசைன் நிறைய கிடைச்சுது, "என் துணி ஏன் முக்கோணமா போகுது"ங்கற கேள்விக்குத்தான் எனக்கு பதில் கிடைக்கல.

நான் நாகர்கோவில்காரி, வீட்டுக்காரருக்கு இங்க தென்னாப்பிரிக்காவுல வேலை, இருக்கறது டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கற பகுதி. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு 78 வயசு. கரும்புத் தோட்டத்துக்கு மெட்ராஸ்லேருந்து கப்பல்ல வந்த குடும்பம் அவங்களது, முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16ல டர்பன் வந்துச்சு, இவங்க ஆளுங்க அதுக்கு ரொம்பப் பின்னாடி வந்தவங்க. ஆயா பொறந்தது மேகஸின் பேரக்ஸ்ல, முனிசிபாலிட்டி வேலைக்காரங்க குடியிருப்பு, பூரா நம்ம தமிழ் தெலுங்கு சனங்க. 1960கள்ல இனம் பிரிச்சு குடியேத்தற சட்டத்துல அங்கேருந்து எல்லாரையும் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புனாங்க. அப்ப அவங்க அம்மா மடியில சொருகிட்டு வந்த ஸ்டீல் கொக்கி இன்னும் இருக்கு, தீக்குச்சி கனம்தான், பருத்தி நூலுக்கான கொக்கி அது. பேச்சு பழைய தமிழ், நடுநடுவுல இங்கிலீஷ், எழுதப் படிக்க வராது. அவங்க வீட்டு டீ டிரேல பால் ஜக் மேல ஒரு வட்ட மூடி கிடக்கும், ஓரம் பூரா கண்ணாடி மணி தொங்கும். அழகுக்குன்னு நெனச்சிருந்தேன், காத்துல மூடி பறக்காம இருக்க அந்த மணியோட கனம்தான் வேணும்னு ஆயா சொன்னதும் கையில எடுத்துப் பாத்தேன். அன்னிக்குத்தான் எனக்கும் கத்துக்குடுங்கன்னு கேட்டேன்.

ஆயா உடனே ஒரு கணக்கு சொன்னாங்க. ஜூலை 18 மண்டேலா பொறந்தநாள். அவரு 67 வருஷம் ஜனங்களுக்காக உழைச்சதால அன்னிக்கு 67 நிமிஷம் அடுத்தவங்களுக்கு ஏதாவது செய்யறது இந்த நாட்டு வழக்கம். அதைப் பிடிச்சுத்தான் 2013 கடைசியில கரோலின் ஸ்டெய்ன்ங்கற அம்மாகிட்ட மண்டேலாவோட உதவியாளரா இருந்த ஸெல்டா லா கிராஞ்ச், 67 கம்பளி போட்டுக் குடு பாக்கலாம்னு சவால் விட்டாங்க, அது ஒரு பெரிய இயக்கமாவே ஆயிடுச்சு, 2015 ஏப்ரல்ல பிரிட்டோரியாவுல அரசாங்க மாளிகையான யூனியன் பில்டிங்ஸ் புல்வெளியில எல்லாத்தையும் சேத்து விரிச்சப்ப 3,133 சதுர மீட்டர், கின்னஸ் ரெக்கார்டு. ஆயாவும் கோயில் பொம்பளைங்களுமா வருஷா வருஷம் ஒரு கம்பளி போட்டு முதியோர் இல்லத்துக்குக் குடுக்கறாங்க, இங்க ஜூன் ஜூலைதான் குளிர்காலம். 64 சதுரம், ஆறு பேரு. "நீ ஒன்பது போடு கண்ணு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்"னாங்க.

இதுக்கு இன்னொரு பாதி இருக்கு, அது ஆயாவுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன். அந்த ரெக்கார்ட அடுத்த வருஷமே, 2016 ஜனவரி 31ல, முறியடிச்சது நம்ம சென்னையில, மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்ங்கற பொம்பளைங்க குழு, 11,148.5 சதுர மீட்டர். ஆயா ரெண்டு தடவ திரும்பச் சொல்லச் சொன்னாங்க, அப்புறம் அன்னிக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் "மெட்ராஸ் பொண்ணுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அந்த ஊர அவங்க பாத்ததே இல்ல.

சரி, வேலைக்கு வரேன். டவுன்ல விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில 4 மில்லிமீட்டர் கொக்கி ஒண்ணும், அக்ரிலிக் உல்லன் 100 கிராம் கண்டு ரெண்டும் வாங்கினேன், டபுள் நிட்னு சொல்ற ஓரளவு கனம். நிறம் கறுப்பு. அதுதான் முதல் தப்பு. கறுப்பு நூல்ல எது கண்ணி, எது ஓட்டைன்னு பகல் வெளிச்சத்துலயே தெரியாது, ராத்திரி கேக்கவே வேணாம். ஆயா அத வாங்கி ஓரமா வச்சுட்டு அவங்க டப்பாலேருந்து இளமஞ்சள் கண்டு ஒண்ணு குடுத்தாங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க வெளிர் நிறமா, வழவழன்னு, முடி நீட்டிக்கிட்டு இல்லாத நூலா பாத்து வாங்குங்க, ஏன்னா முதல் மாசம் போடறதவிட பிரிக்கறதுதான் அதிகம், முடி முடியா இருக்கற நூலப் பிரிச்சா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்.

சுருக்கு முடிச்சு, அதுலேருந்து சங்கிலி. நூல கொக்கியில சுத்தி கண்ணி வழியா இழுக்கணும், அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. 20 சங்கிலி பத்து நிமிஷத்துல போட்டுட்டேன், பாக்கவும் அழகா இருந்துச்சு, ஆனா அடுத்த வரிசைக்கு கொக்கி உள்ளயே போகல. குத்தி, நெம்பி, நூல் பிரிபிரியா பிளந்து, விரல் சிவந்து போச்சு. அடுத்த நாளும் அதே. மூணாவது நாள் ஆயா என் இடது கையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு "நீ பூ கட்டறியா?"ன்னு கேட்டாங்க.

நிஜம்தான். நான் சின்ன வயசுலேருந்து பூ கட்டுவேன், தோவாளைப் பூச்சந்தை எங்க ஊருக்குப் பக்கம்தான், வெள்ளிக்கிழமைன்னா பிச்சிப்பூ கட்டாம இருந்ததில்ல. நூல சுண்டுவிரல்ல சுத்தி ஆள்காட்டி விரல் மேல கொண்டுவரச் சொன்னப்ப என் கை உடனே பிடிச்சுக்கிச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம், பாதி வேலை தெரிஞ்ச வேலைதானேன்னு. ஆனா பூ கட்டும்போது என்ன பண்றோம்? ரெண்டு பூ வச்சு, கண்ணி போட்டு, சரக்குன்னு இறுக்கறோம், இறுக்கலன்னா பூ உதிந்துடும். குரோஷால அந்த இறுக்கற பழக்கமே ஆகாது. இதுல எதுவும் உதிராது, ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணி பிடிச்சிருக்கும். ஒவ்வொரு இழுப்புலயும் என் கை கடைசியில ஒரு சுண்டு சுண்டுது, எனக்கே தெரியாம.

ஆயா அதுக்கு மூணு வைத்தியம் சொன்னாங்க. கொக்கிக்கு தலைக்குக் கீழ கழுத்து மாதிரி ஒரு ஒடுக்கம் இருக்கு, அதுக்கும் கீழ உருண்டையா தண்டு இருக்கு, 4 மில்லிமீட்டர்ங்கறது அந்தத் தண்டோட கனம். நான் கண்ணிய கழுத்துலயே வச்சு அடுத்ததப் போட்டுட்டிருந்தேன், அப்ப கண்ணி கழுத்தோட அளவுக்குத்தானே வரும். ஒவ்வொரு கண்ணியையும் தண்டு வரைக்கும் இறக்கிட்டு அப்புறம் அடுத்தது. ரெண்டாவது, முதல் சங்கிலிய மட்டும் 5 மில்லிமீட்டர் கொக்கியில போட்டுட்டு, வரிசைக்கு 4க்கு மாறிக்கறது. மூணாவது, நூல சுண்டுவிரல்ல ரெண்டு சுத்து சுத்தாம ஒரே சுத்து. இந்த மூணாவதுதான் எனக்கு உடனே வேலை செஞ்சுது, முதல் ரெண்டும் பழக ஒரு வாரம் ஆச்சு. அந்த வாரம் பூரா சங்கிலி மட்டும்தான் போட்டேன், போட்டுப் பிரிச்சு, போட்டுப் பிரிச்சு, ஒரே நூல்.

அடுத்த குழப்பம் பேரு விஷயம், இதுல எனக்கு ரெண்டு வாரம் வீணாச்சு. ஆயாகிட்ட தையல் வகைக்குன்னு தனிப் பேரே கிடையாது, "குட்டை, நெட்டை, ரொம்ப நெட்டை" அவ்வளவுதான். நான் ராத்திரில யூடியூப் பாத்தேன், அதுல சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷேன்னு சொல்லிக்குடுத்தாங்க. கடையில வாங்குன சின்ன புக்குல டபுள் குரோஷேல ஒரு பட்டை போடச் சொல்லியிருந்துச்சு, போட்டேன், படத்துல இருக்கறதவிட ரெண்டு மடங்கு உயரமா லொடலொடன்னு வந்துச்சு. நூல் தப்பா, கொக்கி தப்பான்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். விஷயம் என்னன்னா அமெரிக்காக்காரங்க பேரு வேற, பிரிட்டிஷ்காரங்க பேரு வேற, தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ் பேருதான் பழக்கம். அமெரிக்காவுல சிங்கிள் குரோஷேன்னா இங்க டபுள் குரோஷே, அதுதான் ஆயாவோட குட்டை. அமெரிக்காவுல டபுள்னா இங்க டிரெபிள், ஆயாவோட நெட்டை. எந்தப் பேட்டர்ன்லயாவது சிங்கிள் குரோஷேன்னு ஒரு இடத்துல வந்தாலும் அது அமெரிக்கப் பேட்டர்ன், இப்ப இருக்கற பிரிட்டிஷ் முறையில அப்படி ஒரு பேரே கிடையாது. படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத மட்டும் தேடிப் பாத்துடுங்க. இனி இங்க நான் டிரெபிள்னு எழுதறதெல்லாம் நெட்டைதான்: நூல ஒரு சுத்து சுத்திக்கிட்டு உள்ள விட்டு இழுத்தா கொக்கியில மூணு கண்ணி நிக்கும், ரெண்டு ரெண்டா ரெண்டு தடவ விடுவிக்கணும்.

இப்ப அந்த முக்கோணம். 22 சங்கிலி போட்டு, கொக்கியிலேருந்து நாலாவது சங்கிலில முதல் டிரெபிள், விட்டுப்போன மூணு சங்கிலி ஒரு தையலா கணக்கு, ஆக மொத்தம் 20. முதல் வரிசை எண்ணிப் பாத்தேன், 20தான். எட்டாவது வரிசை முடிச்சுட்டு விரிச்சுப் பாத்தா மேல போகப் போக ஒடுங்கி கோயில் கோபுரம் மாதிரி நிக்குது, எண்ணினா 13. ஒரு வரிசைக்கு ஒண்ணு காணாமப் போயிருக்கு. காரணம் கடைசித் தையல். திரும்பும்போது போடற அந்த மூணு சங்கிலி ஒரு தையலா நிக்கறதால, அதோட அடியில இருக்கற தையலத் தாண்டிட்டு அடுத்ததுல குத்தணும், அது நான் சரியா பண்ணிட்டிருந்தேன். அதுக்கு ஈடா வரிசை முடியற இடத்துல போன வரிசையோட மூணு சங்கிலி உச்சியிலயும் ஒரு டிரெபிள் போடணும், அத நான் போடவே இல்ல, அது பாக்க தையல் மாதிரியே இருக்காது, ஒல்லியா ஒதுங்கி ஓரத்துல படுத்திருக்கும். குட்டைத் தையல்ல கதை வேற, அங்க திரும்பறதுக்கு ஒரே ஒரு சங்கிலி, அது கணக்குல வராது, முதல் தையல்லயே குத்தணும். ரெண்டையும் குழப்பினா ஓரம் ஒரு பக்கம் குறையும், இல்ல ஒரு பக்கம் கூடும்.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி ஊக்கு. கடையில பிளாஸ்டிக் மார்க்கர் விக்கறாங்க, வளையல்ல எப்பவும் நாலு ஊக்கு மாட்டியிருக்கற நமக்கு அது எதுக்கு. அந்த மூணு சங்கிலி போட்ட கையோட உச்சியில ஒரு ஊக்கு மாட்டிடுவேன், திரும்பி வரும்போது ஊக்கு இருக்கற இடம்தான் கடைசித் தையல், யோசிக்கவே வேணாம். மூணு வாரம் ஊக்கு போட்டேன், அப்புறம் மாட்ட மறந்துட்டு ஒரு நாள் போட்டுப் பாத்தா 20 சரியா இருந்துச்சு.

ஆனா அது எப்படி வந்துச்சுங்கறதுதான் நான் உண்மையில சொல்ல வந்த விஷயம். அந்த வருஷம் இங்க கரண்ட் கட் மோசம், ஒரு தடவ போனா ரெண்டு மணி நேரம். ஏப்ரல்ல ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஆயா வீட்டுல உக்காந்திருக்கும்போது போயிடுச்சு. நான் கொக்கிய கீழ வச்சுட்டு போன் லைட்ட போடப் போனேன், ஆயா வேண்டாம்னுட்டாங்க. இருட்டுல அவங்க கொக்கி சத்தம் நிக்கவே இல்ல. லைட் இல்லாம எப்படின்னு கேட்டதுக்கு என் விரலப் பிடிச்சு அவங்க போட்டுட்டிருந்த வரிசை மேல வச்சு தள்ளிக்கிட்டே போனாங்க. வரிசை உச்சியில ஒவ்வொரு தையலுக்கும் பக்கவாட்டுல படுத்த வி மாதிரி ரெண்டு இழை, ஜடைப் பின்னல் மாதிரி வரிசையா. ஒரு வி ஒரு தையல். அதுக்குக் கீழ கம்பம் மாதிரி தண்டு, தண்டுக்குத் தண்டு ஒரு பள்ளம். ஓரத்துக்கு வந்ததும் அந்த மூணு சங்கிலி விரலுக்கு வேற மாதிரி படுது, கயிறு மாதிரி, உருண்டையா. கண்ணுக்கு மறைஞ்சது விரலுக்கு மறையல. அந்த ரெண்டு மணி நேரம் நான் ஒரு தையல்கூட போடல, ஆயா போட்ட துணிய தடவித் தடவி எண்ணினேன், ஆயா சரி பாத்தாங்க, கரண்ட் வந்தப்ப நாலு வரிசை தப்பில்லாம எண்ணியிருந்தேன்.

அதுக்கப்புறம் நான் எண்ணிக்கிட்டே போடறத விட்டுட்டேன், போட்டத வாசிக்கறேன். அதுவரைக்கும் வாய்க்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டே போவேன், போன் அடிச்சா போச்சு, குழந்தை கூப்பிட்டா போச்சு, மொதல்லேருந்து. போட்டதப் பாத்தே எங்க இருக்கோம்னு தெரிஞ்சுட்டா எழுந்து போய் குக்கர் அணைச்சுட்டு வந்தும் தொடரலாம். தப்பு எங்கன்னும் தெரியும், அது வரைக்கும் மட்டும் பிரிச்சா போதும். குரோஷால ஒரு நேரத்துல ஒரே கண்ணிதான் உயிரோட இருக்கும், ஸ்வெட்டர் பின்னற ரெண்டு ஊசி வேலையில மாதிரி இருபது கண்ணி நழுவி ஓடாது, அதனால பிரிக்க பயமே வேணாம். என்னைக் கேட்டா முதல் மாசம் எந்த டிசைனும் எடுக்காதீங்க, 20 தையல்ல ஒரு பட்டை போட்டு அத விரலால படிக்கப் பழகுங்க. இங்க எனக்கு வந்த எல்லா சிக்கலுக்கும் வேர் ரெண்டுதான், இறுக்கற கையும் படிக்கத் தெரியாத கண்ணும்.

சதுரம் மே மாசம் ஆரம்பிச்சேன், அது இதவிட சுலபம், நிஜமாவே. நாலு சங்கிலிய வளையமா சேத்து, மூணு சங்கிலி, கூட ரெண்டு டிரெபிள், ரெண்டு சங்கிலி, அப்புறம் மூணு டிரெபிள் ரெண்டு சங்கிலின்னு இன்னும் மூணு தடவ, சேத்து மூடினா முதல் சுத்து. அடுத்த சுத்துல மூலை இடைவெளி ஒவ்வொண்ணுலயும் மூணு டிரெபிள், ரெண்டு சங்கிலி, மூணு டிரெபிள். மூணாவது சுத்துலேருந்து மூலைக்கு மூலை நடுவுல இருக்கற சந்துலயும் மூணு மூணு. தையல் உச்சியில குத்தவே வேணாம், சந்துக்குள்ள விட்டா போதும். எட்டு சுத்து. எல்லா சுத்தையும் ஒரே பக்கமா போட்டா சதுரம் லேசா திருகிக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் துணியத் திருப்பிப் போட்டா நேரா நிக்கும்.

முதல் சதுரம் எட்டு சுத்துல 16.5 சென்டிமீட்டர், கடைசி சதுரம் அதே எட்டு சுத்துல, அதே நூல், அதே கொக்கியில, 20. கை இளகினதுதான் வித்தியாசம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா தெளிவா தெரியும். 16.5ஐ நான் பிரிக்கல, அது வீட்டுல இருக்கு. 19 வந்த ரெண்டுக்கு மட்டும் ஓரத்துல குட்டைத் தையல்ல ஒரு சுத்து, ஒரு சென்டிமீட்டர் கிடைச்சுடும். கிச்சன் தராசுல வச்சுப் பாத்தேன், ஒரு சதுரம் 20 கிராம் சுமாரா, 100 கிராம் கண்டுல அஞ்சு வந்தா அதிர்ஷ்டம், அதனால 64க்கு 13 கண்டு, இணைக்கவும் பார்டருக்கும் சேத்து 15 வாங்கி வச்சுக்கணும்.

ரெண்டு சதுரம் என்கிட்ட அழிஞ்சு போச்சு, அதையும் சொல்லிடறேன். ஒண்ணு, நூல் முனைய ஒட்ட வெட்டி ஒரு முடிச்சு போட்டு விட்டேன், துவைச்சதும் முடிச்சு அவிழ்ந்து நடு வளையமே திறந்துக்கிச்சு. முனை 15 சென்டிமீட்டராவது விட்டு, தடிமனான ஊசியில கோத்து, ஒரு பக்கம் போய், திரும்பி வந்து, இன்னொரு பக்கமும் போகணும், மூணு திசையில போனா உருவாது. இன்னொண்ண அயர்ன் பண்ணினேன். மூலை சுருண்டுக்கிட்டே இருந்துச்சேன்னு சூட்டோட மேல வச்சேன், அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரிதானே, ஒரு நொடியில தொளதொளன்னு பளபளப்பா தொங்கிப் போச்சு, திரும்ப எழுந்திருக்கவே இல்ல. துணியில தண்ணி தெளிச்சு, அளவுக்கு ஊக்கு குத்தி, அப்படியே காய விடறதே போதும், ஆவி காட்டறதா இருந்தாலும் பெட்டி துணியத் தொடக்கூடாது.

ஜூலை முதல் ஞாயித்துக்கிழமை ஆயா வீட்டுக் கூடத்துல 64ஐயும் பாய் மேல எட்டுக்கு எட்டு அடுக்கினோம். எந்த நிறத்துக்குப் பக்கத்துல எதுன்னு ஒரு மணி நேரம் வாக்குவாதம், பெரியம்மா ஒருத்தங்க சிவப்புக்குப் பக்கத்துல பச்சை வைக்க விடவே இல்ல. இணைக்க எந்த நூல்னு கேட்டேன். ஆயா உள்ள போய் மார்ச் மாசம் ஓரமா வச்ச என் கறுப்புக் கண்டு ரெண்டையும் எடுத்துட்டு வந்தாங்க, கறுப்பு போட்டு இணைச்சா மத்த நிறமெல்லாம் எடுப்பா தெரியும், பழைய ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம். நாலு பக்கத்துலேருந்து நாலு பேரு இணைச்சுட்டு வந்தோம், எனக்கு ஜன்னல் பக்கத்து ஓரம். அஞ்சரை மணிக்கே இருட்டிடுச்சு, அன்னிக்கும் கரண்ட் போச்சு. யாரும் எழுந்திருக்கல. நான் கறுப்பு நூல்ல குட்டைத் தையல் போட்டுட்டே போனேன், விரல் முன்னாடி போகும், கொக்கி பின்னாடி வரும், மூலை வந்தா ரெண்டு சங்கிலி. லைட் வந்ததும் ஆயா முதல்ல என் பக்கத்தத்தான் இழுத்து வெளிச்சத்துல வச்சுப் பாத்தாங்க, ஒரு இடத்துல மட்டும் ரெண்டு தையல் ஒரே சந்துல இறங்கியிருந்துச்சு, "இருக்கட்டும், பிரிக்காத"ன்னு சொல்லிட்டு அடுத்தவங்க பக்கத்துக்குப் போயிட்டாங்க.